சகல ஆத்துமாக்கள் சங்கம்

சகல ஆத்துமாக்கள் சங்கம் என்பது இறந்தோருக்காக ஜெபிப்பதற்கென்றே இங்கிலாந்துத் திருச்சபையில் 1873இல் தோன்றிய பக்திச் சங்கம். மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்காகவும், மறைந்த உறுப்பினர்களுக்காகவும், விசுவாசத்தில் மரித்த அனைவருக்காகவும் மன்றாடுவது இதன் முதல் கடமை. அடக்கச் சடங்கைக் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு ஏற்ற கண்ணியத்துடன் நடத்தச் செய்வது இரண்டாவது.

பின்னணி

இடைக்கால இங்கிலாந்தில் வசதி படைத்தோர் தம் ஆன்ம இளைப்பாற்றிக்கான பூசைகளுக்கு நிலபுலன்களை எழுதிவைத்தனர். வசதியற்றோருக்கு அவரவர் சேர்ந்திருந்த சகோதர சங்கங்கள் துணை நின்றன. சமயச் சீர்திருத்தக் காலத்தில், 1547ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அறக்கட்டளைகளை ஒழித்து, சொத்துகளை அரசுடைமை ஆக்கியது. 1549ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் இறந்தோருக்கான மன்றாட்டு எஞ்சியிருந்தது. 1552ஆம் ஆண்டுப் பதிப்பு அதையும் நீக்கியது. பூமியில் போராடும் திருச்சபைக்கான ஜெபம் என்று பொது மன்றாட்டின் முகப்பிலேயே எல்லை வகுக்கப்பட்டது.

திருச்சபையின் 39 பிரமாணங்களில் 22ஆவது, உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய ரோமப் போதனையை மறுக்கிறது. ஆனால் இறந்தோருக்காக ஜெபிப்பதைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆயர் லான்சலட் ஆண்ட்ரூஸ் தம் தனி ஜெபங்களில் மரித்தோரை நினைத்தார். அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன், 1752இல் இறந்த மனைவிக்காக ஜெபித்துவந்தார். ஒயிட் தீவின் காரிஸ்புரூக்கில், கணவரின் ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டிக் கைம்பெண் ஒருவர் எழுப்பிய கல்லறைக் கல்லை அகற்றக் கோரி வழக்கு எழுந்தது. அத்தகைய ஜெபத்தைத் திருச்சபை வெளிப்படையாகத் தடை செய்யவில்லை என்று 1838இல் திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தோற்றம்

1833இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு இயக்கம் பழைய வழிபாட்டு மரபுகளை மீட்டெடுத்தது. அந்த அலையில் தென்கிழக்கு இலண்டனின் ஹாச்சம் புனித யாக்கோபு ஆலயத்தில் இச்சங்கம் பிறந்தது. அவ்வாலயக் குரு ஆர்தர் டூத் அதன் முதல் தலைவர். வழிபாட்டு ஒழுங்குச் சட்டத்தின்கீழ் நடந்த வழக்கில் நீதிமன்ற ஆணைக்குப் பணியாததால், 1877 ஜனவரியில் அவர் சிறைப்பட்டார்.

பொதுவழிபாட்டில்

சிறு வட்டத்துக்குள் இருந்த, இறந்தோருக்காக ஜெபிக்கும் பழக்கத்தைத் திருச்சபை முழுவதற்கும் உரியதாக்கியது முதல் உலகப் போர். அந்நிய மண்ணில் புதைக்கப்பட்ட மகனுக்காக ஒரு தாய் செய்யக்கூடியதாக ஜெபம் ஒன்றே எஞ்சியது. 1917இல் அதிகாரபூர்வ ஜெப முறைகளிலேயே இறந்தோருக்கான மன்றாட்டு இடம்பெற்றது. அதைச் சேர்த்துத் திருத்திய ஜெபப் புத்தகத்தை நாடாளுமன்றத்தின் மக்களவை 1927இலும் 1928இலும் நிராகரித்தது. ஆயினும் பல ஆலயங்களில் அப்புத்தகம் பயன்பாட்டுக்கு வந்தது.

சட்டத்தாலும் பதிப்பாலும் நீக்கப்பட்ட ஜெபத்தைத் துயருற்றோரின் அன்பு காத்து வைத்தது. அந்த அன்புக்கு முறையும் துணையும் அளித்ததே இச்சங்கத்தின் பெரும்பணி. இன்று நவம்பர் 2, மரித்த விசுவாசிகளின் நினைவுநாளாக இங்கிலாந்துத் திருச்சபையின் நாட்காட்டியில் இடம்பெற்றுள்ளது.