சென்ட்ஓஎஸ்: ஓர் இலவச இயங்குதளத்தின் வரலாறு

ரெட் ஹாட் நிறுவனத்தின் இயங்குதளமான ரெட் ஹாட் லினக்ஸை ஒரு காலத்தில் யாரும் இலவசமாகப் பெற்றுச் சர்வர்களில் நிறுவ முடிந்தது. 2003-இல் வந்த 9-ஆம் பதிப்போடு அந்த வரிசை நின்றது. 2004 ஏப்ரலில் அதற்கான ஆதரவும் முடிந்தது. அதன்பின் நிறுவனங்களுக்குக் கிடைத்தது, சந்தா கட்டிப் பெறும் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ். மென்பொருள்களை அடிக்கடி மாற்றாமல், பாதுகாப்புத் திருத்தங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து தருவது அதன் முறை. ஆண்டுக்கணக்கில் தடையின்றி ஓட வேண்டிய சர்வர்களுக்கு இந்த நிலைத்தன்மை இன்றியமையாதது.

சந்தா கட்ட இயலாதவர்களுக்கு மூல நிரல் வழி திறந்தது. திறந்த மூல உரிமங்கள் நிரலை மாற்றவும் பகிரவும் இடம் தருகின்றன. ரெட் ஹாட் அதைப் பொதுவிலும் வெளியிட்டு வந்தது. வணிகப் பெயரையும் சின்னத்தையும் நீக்கி மீண்டும் தொகுத்தால் ஏறக்குறைய அதே இயங்குதளம் கிடைக்கும். இவ்வழியில் 2004-இல் சென்ட்ஓஎஸ் பிறந்தது. இயற்பியல் ஆய்வு மையங்களான ஃபெர்மி ஆய்வுக்கூடமும் செர்னும் இதே வழியில் அதே ஆண்டு சயின்டிஃபிக் லினக்ஸை வெளியிட்டன.

சென்ட்ஓஎஸ் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்தது. ஆனால் ஆள்பலம் குறைவு. 2010 நவம்பரில் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6-ஆம் பதிப்புக்கு இணையான சென்ட்ஓஎஸ் 2011 ஜூலையில்தான் வெளிவந்தது. 2014-இல் ரெட் ஹாட் அத்திட்டத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பணமும் ஆளும் சேர்ந்தன. முடிவெடுக்கும் அதிகாரமும் கைமாறியது.

அதன் விளைவு 2020 டிசம்பரில் தெரிந்தது. 2029 வரை நீடிக்கும் என்று நம்பப்பட்ட சென்ட்ஓஎஸ் 8-ஆம் பதிப்பின் ஆதரவு 2021 இறுதியோடு நிற்கும் என அறிவிப்பு வந்தது. அதன் இடத்தைப் பிடித்த சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம், ரெட் ஹாட்டின் அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களை முன்கூட்டியே பெறுவது.

சென்ட்ஓஎஸுக்கு மாற்றாக, கிளவுட்லினக்ஸ் நிறுவனம் 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸை வெளியிட்டு, அதன் நிர்வாகத்தை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. சென்ட்ஓஎஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்ஸர் தொடங்கிய ராக்கி லினக்ஸ் அதே ஆண்டு ஜூனில் வந்தது. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் வெளியீடுகளின் மூல நிரலைப் பொதுவில் தருவதை நிறுத்தியது. அல்மாலினக்ஸ் அச்சு அசல் நகலாக இருப்பதை விட்டு, அதே செயலிகள் ஓடும் அளவுக்கு இணக்கத்தை மட்டும் இலக்காக்கியது. ராக்கி லினக்ஸின் பின்னுள்ள சிஐக்யூ, ஆரக்கிள், சூசே ஆகிய நிறுவனங்கள் மூல நிரலைப் பகிர ஓப்பன்இஎல்ஏ அமைப்பை உருவாக்கின.

2024 ஜூன் 30-இல் சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவும் முடிந்தது. இலவச இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்போர், ஆதரவு எத்தனை ஆண்டு என்பதோடு, அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இந்த இருபது ஆண்டு வரலாறு தரும் பாடம்.