ஸ்ட்ரொமட்டோலைட்

நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டியெழுப்பிய பாறை. பூமி உருவாகிச் சுமார் 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் கிடைத்த ஸ்ட்ரொமட்டோலைட்டுகளின் வயது ஏறத்தாழ 348 கோடி ஆண்டுகள். உயிர் இருந்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் இவற்றுக்கே முதன்மை இடம் தரவேண்டும்.

ஆழமற்ற நீரில் சயனோபாக்டீரியா பிசுபிசுப்பான படலமாகப் படர்கிறது. மிதந்துவரும் மணல் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன, சுண்ணாம்பும் படிகிறது. வெளிச்சம் குறைந்ததும் நுண்ணுயிர்கள் மேலேறிப் புதுப் படலம் விரிக்கின்றன. குறுக்கே வெட்டினால் வெங்காயத்தைப் போல வரிவரியாகத் தெரியும்.

பூமியின் காற்றையே மாற்றியது இந்த உயிர்தான். ஒளிச்சேர்க்கையில் அது வெளியிட்ட ஆக்சிஜன் முதலில் கடலில் கரைந்திருந்த இரும்போடு சேர்ந்து படிந்தது. உலகின் பெரிய இரும்புத் தாதுப் படிவுகள் பல அவ்வாறு உருவானவை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வளிமண்டலத்திலும் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது. விலங்குகள் தோன்றியது வெகு காலத்துக்குப் பிறகே. அவற்றில் சில இப்படலங்களை மேய்ந்ததால் ஸ்ட்ரொமட்டோலைட்டுகள் அருகின.

ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியிலுள்ள ஹாமலின் பூல் நீரில் கடலைப்போல் இரு மடங்கு உப்பு. மேயும் நத்தைகள் அங்கே தாக்குப்பிடிப்பதில்லை. அதனால் ஸ்ட்ரொமட்டோலைட்டுகள் அங்கே இன்றும் வளர்கின்றன. ஷார்க் பே 1991இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமானது.