வயிறு நிறைந்த பட்டினி

வயல் வரப்போரம் ஈரத்தில் படர்ந்து கிடக்கும் ஆரையைப் பறித்துப் பார்த்தால் ஒரு காம்புக்கு நாலு இலை. சமையற்கட்டில் அது கீரை, தாவரவியலில் பெரணி. பூக்காது, காய்க்காது. அடித்தண்டில் மட்டும் மிளகளவில் கெட்டியான வித்துப்பைகள் இருக்கும். நாம் இலையை ஆய்ந்துகொண்டு அந்தப் பைகளை விட்டுவிடுகிறோம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் இதற்கு ஓர் உறவுக்கார ஆரை உண்டு; பெயர் நார்டூ. அங்கே உணவு இலையல்ல, அந்த வித்துப்பைதான். 1861இல் அதை இடித்து இடித்து வயிறு நிறையத் தின்றபடியே இருவர் செத்துப்போனார்கள்.

1860 ஆகஸ்ட் 20 அன்று மெல்போர்ன் நகரமே திரண்டு வழியனுப்ப, 19 பேர் கொண்ட குழு ஒன்று கிளம்பியது. கண்டத்தைத் தெற்கிலிருந்து வடகடல் வரை கடப்பது நோக்கம். மூட்டை முடிச்சு மட்டும் சுமார் 20 டன். மேசை நாற்காலிகூட இருந்தது. இந்தியாவிலிருந்து ஒட்டகங்களை வரவழைத்திருந்தார்கள். தலைவர் ராபர்ட் ஓ'ஹாரா பர்க் ஐரிஷ்காரர், போலீஸ் அதிகாரி. காட்டுவழிப் பழக்கம் அவருக்கு அறவே இல்லை. அப்படிப்பட்டவரிடம் இந்தக் காரியத்தை ஒப்படைத்தது இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

வழியெல்லாம் ஆட்களையும் சாமான்களையும் விட்டுவிட்டு, கூப்பர் ஓடைக் கரையில் முகாம் போட்டார்கள். அங்கிருந்து டிசம்பர் 16 அன்று பர்க், நில அளவையாளர் வில்ஸ், ஜான் கிங், சார்லஸ் கிரே ஆகிய நால்வர் மட்டும் வடக்கே விரைந்தனர். பிப்ரவரியில் கடலருகே போய்ச் சேர்ந்தாலும் சதுப்பு வழிமறித்ததால் கடலைக் கண்ணால் காணவில்லை. திரும்பும் வழியில் கிரே இறந்தார். அவரைப் புதைக்க ஒரு நாள் தங்கினார்கள்.

அந்த ஒரு நாள்தான் கணக்கைக் கெடுத்தது. முகாமில் காத்திருந்த பிராஹே நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1861 ஏப்ரல் 21 காலையில் புறப்பட்டுப் போனார். அன்று மாலையே மூவரும் வந்து சேர்ந்தார்கள். ஒன்பது மணி நேர வித்தியாசம். கூலிபா மரத்தில் ‘தோண்டு’ என்று செதுக்கியிருந்தது; தோண்டினால் கொஞ்சம் உணவும் ஒரு கடிதமும். பர்க் வந்த வழியே போகாமல், சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி ஹோப்லெஸ் மலைப் பக்கம் இருந்த கால்நடைப் பண்ணையை அடைய முடிவெடுத்தார். தான் வந்த விவரத்தை எழுதி அதே குழியில் புதைத்தார். மரத்தில் மட்டும் புதிதாக ஒரு கீறல்கூடப் போடவில்லை. மே மாதம் பிராஹே மனம் கேளாமல் திரும்பி வந்து பார்த்தார். குழி கலைந்ததாகத் தெரியவில்லை, போய்விட்டார்.

மிச்சமிருந்த இரண்டு ஒட்டகங்களில் லண்டா சேற்றில் சிக்கியது, ராஜாவும் தளர்ந்து விழுந்தது. தண்ணீர் சுமக்க ஒட்டகமில்லாமல் ஓடையை விட்டு நகர முடியவில்லை. அந்தக் கரை யாந்த்ருவாந்தா மக்களின் சொந்த மண். அவர்கள் மீனும் நார்டூ ரொட்டியும் கொடுத்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் ஒரு துணியை எடுத்துக்கொண்டார் என்று பர்க் அவர் தலைக்கு மேலே சுட்டார். அவர்கள் விலகிப் போனார்கள்.

அதன்பின் மூவரும் தாங்களே பொறுக்கி, தாங்களே இடித்துத் தின்றார்கள். வயிறு நிறைந்தது, கால் மட்டும் நாளுக்கு நாள் தளர்ந்தது. பசி தெரியவில்லை, பலமும் இல்லை என்பதை வில்ஸ் தன் நாட்குறிப்பில் வியப்போடு எழுதிவைத்தார்.

விளக்கம் வெகுகாலம் கழித்துத்தான் கிடைத்தது. நார்டூவில் தயாமினேஸ் என்னும் நொதி இருக்கிறது. உடலிலுள்ள பி1 உயிர்ச்சத்தை அது சிதைத்துவிடும். தீட்டிய அரிசியையே தின்றவர்களுக்கு வந்த பெரிபெரியும் இதே சத்துக் குறைவால்தான். இருவரின் சாவிலும் இதற்குப் பங்குண்டு என்று 1994இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. யாந்த்ருவாந்தா பெண்கள் வித்துப்பையை வறுப்பார்கள், கல்லில் அரைப்பார்கள், நிறைய நீர்விட்டுக் கரைப்பார்கள். நொதியின் வீரியம் அதில் அடங்கிவிடும் என்று கருதப்படுகிறது. வந்தவர்கள் பண்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டார்கள், பக்குவத்தைக் கேட்கவில்லை.

ஜூன் கடைசியில், சுட்டு விரட்டிய அதே மக்களைத் தேடித்தான் பர்க்கும் கிங்கும் நடந்தார்கள். வில்ஸ் எழ முடியாமல் பின்தங்கிக் கிடந்தார். பர்க் வழியிலேயே உயிர்விட்டார். கிங் திரும்பி வந்தபோது வில்ஸும் இல்லை. தனியாக அலைந்து கடைசியில் யாந்த்ருவாந்தா மக்களிடம் போய்ச் சேர்ந்த கிங்குக்கு அவர்கள் மீனும் நார்டூவும் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் கைப்புண்ணுக்கு அவர் மருந்திட்டார். பர்க் கிடந்த இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டியபோது எல்லோரும் அழுதார்கள்; புதர்க்கிளைகளை ஒடித்து வந்து உடலை மூடினார்கள். ஹோவிட் தலைமையில் வந்த தேடுதல் குழு செப்டம்பர் 15 அன்று கிங்கைக் கண்டுபிடிக்கும்வரை, இரண்டரை மாதமாக அவர் தின்றதும் நார்டூதான்.