மழுங்கிய போல்ட்டைக் கழற்றுதல்

போல்ட்டின் அறுகோணத் தலை தேய்ந்து ஸ்பேனர் வழுக்கும்போது மோட்டார் சைக்கிள் பட்டறைகள் கையாளும் முறை. விழிஞ்ஞம் போன்ற கடலோர ஊர்களில் இதற்குத் தேவை மிகுதி: உப்புக்காற்றின் ஈரத்தில் அலுமினிய எஞ்சின் உறையும் எஃகு போல்ட்டும் மின்வேதி அரிப்பால் இறுகிவிடும். பன்னிருமுனை ரிங் ஸ்பேனர் இறுகிய தலையை எளிதில் மழுக்கும். ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனரே நல்லது.

முதலில் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட வேண்டும். பிறகு தலைமேல் சுத்தியலால் நேராகத் தட்டினால் துருப்பிடி விடும். 10 மி.மீ. தலை தேய்ந்திருந்தால், சற்றே சிறிய பாக்ஸை அடித்து இறக்கித் திருப்பலாம். அதற்கும் அசையாததற்குத் தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் செய்வதே கைகண்ட வழி. அந்தச் சூடே மரையின் இறுக்கத்தைத் தளர்த்தும். பெட்ரோல் டேங்கை அகற்றாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் பற்றவைக்கவே கூடாது. புது போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும்.