பாய்ம அழுத்தம்: கொடைக்கானல் எடுத்துக்காட்டு

பாய்ம அழுத்தம் என்பது நீர்மமோ வாயுவோ ஓரலகுப் பரப்பின்மீது செங்குத்தாகச் செலுத்தும் விசை; அலகு பாஸ்கல். பழனி மலையில் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் தலைக்கு மேலுள்ள காற்றின் எடை குறைவு. எனவே வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 78 கிலோபாஸ்கல்தான். கடல்மட்டத்தில் அது 101. கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியசிலேயே கொதிப்பதால், குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகும். மலையடிவாரத்து வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலையேறியதும் உப்பிவிடும்.

கணக்கு: 1863இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியில், எந்த ஆழத்தில் மொத்த அழுத்தம் கடல்மட்டத்திலுள்ள மெரினா கடற்கரையின் காற்றழுத்தத்துக்குச் சமமாகும்?

தீர்வு: நீரழுத்தம் = ஆழம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம். நீர் ஈடுசெய்ய வேண்டிய அழுத்த வேறுபாடு 101 − 78 = 23 கிலோபாஸ்கல், அதாவது 23,000 பாஸ்கல். அதை 1,000 × 9.8 ஆல் வகுக்க, ஆழம் சுமார் 2.3 மீட்டர். ஏரியின் பரப்போ வடிவமோ இவ்விடையை மாற்றுவதில்லை.