உடம்புக்குள் ஒரு காவற்படை



புற்றுநோய் என்ற பெயரைக்கூட நம் லயத்து வீடுகளில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "அந்த வியாதி" என்பார்கள். முற்றிவிட்டது என்று டாக்டர் கையை விரித்தால் அதோடு சரி என்றுதான் உலகமும் நெடுங்காலம் நம்பியிருந்தது.

1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகர்ப் பக்கம் முன்னாள் படைவீரர் ஒருவர் பித்தப்பை வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்டீவன் ரோசன்பெர்க் என்ற இளம் டாக்டர் அவருடைய பழைய கோப்பைப் புரட்டினார். 12 ஆண்டுகளுக்கு முன்பே வயிற்றில் புற்றுநோய். ஈரல்வரை பரவி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்! இப்போது வயிற்றைத் திறந்து பார்த்தால் நோயைக் காணோம். மருந்து கொடுக்காமலே போயிருக்கிறதென்றால், உடம்பே அல்லவா விரட்டியிருக்க வேண்டும்?

நம் ரத்தத்தில் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் உண்டு. அவைதாம் காவற்காரர்கள். ஆனால் புற்றணு நம் சொந்த அணுவிலிருந்தே கிளம்புவதால், பலசமயம் அதை அவை அடையாளங் காண்பதில்லை. கண்டுகொண்டாலும் ஆள் போதாது. பெரட்டுக்கு நாலே பேர் வந்தால் எத்தனை மரம் வெட்டமுடியும்? ஆகவே கித்தாக் கன்றை நர்சரியில் வளர்ப்பதுபோல, அணுக்களை வெளியே எடுத்துச் சோதனைக்கூடத்தில் கோடிக்கணக்காகப் பெருக்கி, நோயாளிக்கே திருப்பி ஏற்ற முனைந்தார் ரோசன்பெர்க். அணுக்களை வளரச் செய்யும் இன்டர்லூகின்-2 என்ற பொருள் 1976-இல் கண்டறியப்பட்டது பெரிய உதவி.

அப்படியும் முதலில் சிகிச்சை பெற்ற 60-க்கும் மேற்பட்டோரில் ஒருவருக்கும் பலிக்கவில்லை. 1984-இல்தான் கடற்படையில் வேலைபார்த்த ஒரு பெண்ணுக்குப் பரவியிருந்த தோல் புற்றுநோய் மறைந்தது. பத்திரிகைகள் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுதின. எனக்கென்னவோ, பலிக்காமற்போன அந்த 60 பேரும் இந்த வரலாற்றில் பெரியவர்களாகவே தெரிகிறார்கள்.

பிறகு வந்தவர்கள் அணுவைப் பெருக்குவதோடு நிற்கவில்லை. ஒட்டுக்கட்டுவது போல, புற்றணுவை இனங்காணும் ஒரு புதுக் கருவியையும் அதன் மரபில் சேர்த்தார்கள். இதற்குக் கார்-டி சிகிச்சை என்று பெயர். 2017-இல் அமெரிக்கா அனுமதித்தபோது ஒரு நோயாளிக்கு விலை 4,75,000 டாலர்!

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினாரே, அந்த இந்திய மண்ணில் இந்த விலையை யார் கொடுப்பது? பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ராகுல் புர்வாரின் குழு, டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்களோடு சேர்ந்து தாங்களே செய்யத் துணிந்தது. 2021-இல் முதல் நோயாளிக்கு ஏற்றினார்கள். 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ஆம் நாள் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதைத் தொடங்கி வைத்தார்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இது ஆகாது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத, அல்லது திரும்பி வந்த சிலவகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமே. விலை அமெரிக்காவில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதுவே 30 லட்சம் ரூபாய்க்கு மேலே போகிறது.