குசல் பெரேரா மீது வந்த பழி

மாத்தளை மாவட்டத்திலே, குகைக் கோயிலாற் புகழ்பெற்ற தம்புள்ளையில், 2000ஆம் ஆண்டிற் கிரிக்கெட் அரங்கொன்று எழுந்தது. 2001 மார்ச்சில் இலங்கையும் இங்கிலாந்தும் அங்கே ஒருநாள் ஆட்டமொன்றில் மோதின. அவ்வரங்கைக் கண்டு நாட்டுக்காக ஆட விரும்பும் இளைஞர், ஆட்ட நுட்பங்களோடு அறிந்துகொள்ளவேண்டிய வரலாறொன்றும் உண்டு.

2015 டிசம்பரில் இலங்கை அணி நியூசிலாந்துக்குச் சென்றிருந்தது. முதலாவது டெஸ்ட் ஆட்டம் தொடங்குமுன்னரே, குசல் ஜனித் பெரேரா என்னும் துடுப்பாட்ட வீரர் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டார். அவர் முன்னர் கொடுத்த சிறுநீரில் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்தின் கூறு காணப்பட்டதென்று கத்தார் நாட்டு ஆய்வுகூடம் அறிவித்ததே காரணம். அப்போது அவருக்கு வயது 25. குற்றம் உறுதியானால் நான்கு ஆண்டுகள் வரை தடை விதிக்கப்படலாம் என்ற நிலை.

நீதிமன்றத்திலே குற்றத்தை நிறுவுங் கடமை குற்றஞ்சாட்டுவோரைச் சாரும். ஊக்கமருந்து விதியோ வேறு வகையினது. மருந்து உடலிற் காணப்பட்டாற் போதும். அது புகுந்த வழியை விளக்கும் பொறுப்பு வீரரையே சாரும். அறியாமை முழுக் காப்பாவதில்லை. 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது, உபுல் தரங்க தோள் நோவுக்காக உட்கொண்ட மூலிகை மருந்தொன்றே அவருக்கு மூன்று மாதத் தடையைத் தேடித்தந்தது.

பெரேரா குற்றத்தை மறுத்தார். இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் அவருக்குத் துணைநின்றது. வெளிநாட்டுச் சட்ட வல்லுநரும் அறிவியலாளரும் சோதனை முடிவை ஆராய்ந்தனர். காணப்பட்ட அளவு மிகச் சிறியது. அது உடலிலேயே இயல்பாகத் தோன்றியிருக்கலாம், அன்றேல் புறத்தே மாசு கலந்திருக்கலாம் என்பது தெளிவாயிற்று. கத்தார் ஆய்வுகூடம் தன் முடிவை மீட்டுக்கொண்டது. 2016 மே மாதத்தில் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை குற்றச்சாட்டைக் கைவிட்டது.

ஆயினும் இடைப்பட்ட ஐந்து மாதங்கள் மீளவில்லை. நியூசிலாந்துச் சுற்றுப்பயணமும், ஆசியக் கிண்ணமும், இருபது ஓவர் உலகக் கிண்ணமும் அவரின்றியே நடந்து முடிந்தன.

2019 பெப்ரவரியில் டர்பன் நகரிலே தென்னாபிரிக்கா 304 ஓட்டங்களை வெற்றி இலக்காக வைத்தது. 226 ஓட்டங்களில் ஒன்பதாவது விக்கெட்டும் வீழ்ந்தபின், விஷ்வ பெர்னாண்டோவைத் துணையாகக் கொண்டு, எஞ்சிய 78 ஓட்டங்களையும் பெற்று, இலங்கையை வெற்றிபெறச் செய்தார் பெரேரா. அவர் ஆட்டமிழக்காது பெற்றவை 153. முன்னைய ஆய்வு முடிவே நிலைத்திருந்தால், அந்நாளிலும் அவர் தடைக்குள்ளேயே இருந்திருக்கக்கூடும்.

தனக்குத் துணைநிற்க நிறுவனமில்லாத கிராமத்து வீரர் ஒருவருக்கு இத்தகைய பழி நேர்ந்தால் நிலை யாதாகும்? உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தையும் தேர்ந்த மருத்துவரிடங் கேட்டறிவது வீரரின் கடமை. விசாரணை முடியுமுன் குற்றவாளியெனத் தீர்த்துவிடாதிருத்தல் நம் அனைவரின் கடமை.